சஞ்சீவிச் சாரலின் கவிஞர்

மலையையும் காட்டையும் உயிருள்ளவையாகக் காணும் வழக்கம் தமிழருக்கு மிகப் பழையது. உயர்ந்த மலைகளில் அணங்கு உறைவதாகவும், அருவி வீழும் சாரல்களில் வரையரமகளிர் ஆடுவதாகவும் சங்கப் புலவர் பாடினர். அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி, உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்யும் ஆற்றலுடையதாகப் போற்றப்பட்டது. மேலைநாட்டார் தம் காடுகளில் எல்ஃப் என்னும் வனமாந்தரைக் குடியமர்த்தி, மரத்தோடும் நீரோடும் பேசும் மந்திர ஆற்றலை அவர்களுக்கு அளித்தனர். இத்தகைய கற்பனையைக் கையில் எடுத்து, அதனைக் கொண்டே மூடநம்பிக்கையைச் சாடிய கவிஞர் ஒருவர் புதுவையில் தோன்றினார். அவரே பாவேந்தர் பாரதிதாசன்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுச்சேரியில் கனகசபை முதலியார், இலக்குமி அம்மாள் ஆகியோரின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுப்புரத்தினம். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த நகரமாதலால் இளமையிலேயே பிரெஞ்சு மொழியையும் கற்றார். எனினும் உள்ளம் தமிழிலேயே தோய்ந்தது. புலமைத் தேர்வில் சிறப்புற்று, பதினெட்டாம் அகவையிலேயே காரைக்கால் பகுதியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியரானார். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்த அப்பணியிலிருந்து 1946இல் ஓய்வு பெற்றார். அவர்தம் புகழ்பெற்ற நூல்களுள் பல, பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் எழுதப்பட்டவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1908இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பிப் புதுவை வந்த பாரதியார், பத்தாண்டுகள் அங்கே தங்கியிருந்தார். திருமண வீடொன்றில் இளைஞர் சுப்புரத்தினம் பாரதியார் பாடலைப் பாட, பாடலாசிரியரே கேட்டிருந்தவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார். அன்று தொடங்கிய நட்பு, மாணவரின் பெயரையே மாற்றிவிட்டது. பாரதியார் புதுவைக்கு மேற்கே உள்ள மாஞ்சோலையைக் களமாகக் கொண்டு குயில்பாட்டை இயற்றினார். அங்கே குயில் பேசும். குரங்கும் மாடும் காதலராக வரும். முற்பிறப்புக் கதை விரியும். ஊருக்கு அருகிலுள்ள ஒரு தோப்பே மாய உலகாகிவிடும் அந்த வித்தையை மாணவர் மறக்கவில்லை.

ஆயினும் இருவர் வழியும் ஒன்றன்று. சுப்புரத்தினத்தின் தொடக்ககாலப் பாடல்கள் பத்திச்சுவை மிக்கவை. சக்தியையும் மயிலம் முருகனையும் அவர் உருகிப் பாடினார். விடுதலை இயக்கம் பரவியபோது கதராடை உடுத்தியதோடு, கதர்த்துணியைச் சுமந்து சென்றும் விற்றார். 1920களின் இறுதியில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அவரை ஈர்த்தது. சாதி வேற்றுமையும் பெண்ணடிமையும் நீங்கச் சமயப் பழங்கதைகளின் பிடி தளர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். நேற்றுவரை தம் துதிப்பாடல்களைப் பாராட்டியவர் முன்னிலையில் இக்கொள்கையை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். அதிலும் அரசு ஊதியம் பெறும் ஆசிரியருக்குக் கூடுதல் துணிவு வேண்டும். அத்துணிவின் விளைவாக 1930இல் வெளிவந்ததே சஞ்சீவி பர்வதத்தின் சாரல்.

குயில் கூவி, மயில் ஆடி, தேனீக்கள் இசைக்கும் மலைச்சாரல் ஒன்றில் கதை தொடங்குகிறது. குயில்பாட்டைப் போலவே இதுவும் கலிவெண்பாவில் அமைந்தது. முதலில் கேட்பதும் குயிலின் குரலே. ஆசிரியர்க்கு மாணவர் செய்த வணக்கமாக இதனைக் கொள்வது பொருந்தும். குப்பன் என்னும் இளைஞன் தன் காதலி வஞ்சிக்காகக் காத்திருக்கிறான். வந்தவளோ, மலைமேல் உள்ள இரண்டு மூலிகைகளைப் பறித்துத் தந்தாலன்றித் தன்னைத் தொடலாகாது என்கிறாள். ஒன்றைத் தின்றால் உலகில் எவர் பேசுவதும் காதில் விழும். மற்றொன்றைத் தின்றால் எங்கோ நிகழ்வதும் கண்ணில் தெரியும். பெண் சொல்லுக்கு இணங்கலாமோ எனக் குப்பன் தயங்கும் இடத்தில் வஞ்சி பெண்ணினத்தின் பேச்சுரிமைக்காக வாதிடுகிறாள். காதல் கதையாகத் தொடங்கியது இங்கே வேறு கதையாகிறது.

மூலிகையின் ஆற்றலால் பிரான்சிலிருந்து ஒரு பேச்சு கேட்கிறது. நிறவேற்றுமை பாராட்டியவனுக்கு அங்கே ஒருவர் சமத்துவத்தை எடுத்துரைக்கிறார். சமத்துவம் அந்நாட்டின் முழக்கங்களுள் ஒன்று. பிரெஞ்சு ஆட்சியில் வளர்ந்த புதுவைக் கவிஞருக்கு அது சிறுவயது முதலே அறிமுகமானது. இங்கிலாந்திலிருந்து வரும் குரலோ கசப்பானது. இந்தியர் மூடநம்பிக்கையில் மூழ்கியிருக்கும் வரை தங்கள் ஆட்சிக்கு அச்சமில்லை என்று அங்கே ஒருவன் மகிழ்கிறான்.

அடுத்துத் தமிழ்க்குரல் ஒன்று கேட்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்தெடுக்கிறான் என்கிறது அது. தாம் நிற்கும் மலையே அசைவதாக எண்ணிக் குப்பன் நடுநடுங்குகிறான், வஞ்சி நகைக்கிறாள். பாகவதர் ஒருவர் இராமாயணக் கதை சொல்லும் குரலே அது என்பது பின்னரே விளங்குகிறது. மாய மூலிகையை நம்பிக் கதைக்குள் வந்த வாசகரும் குப்பனோடு சேர்ந்து நாணவேண்டிய இடம் இது. மந்திரத்தைக் கொண்டே மந்திர நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்திய இந்நகைச்சுவை, நேரடியான எந்த அறிவுரையினும் கூர்மையானது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1944இல் வெளிவந்த அழகின் சிரிப்பில் மூலிகையும் இல்லை, மாயமும் இல்லை. கடல், தென்றல், காடு, குன்றம், ஆல், கிளி, இருள் என்று கண்ணெதிரே உள்ளவற்றை மட்டுமே கவிஞர் பார்க்கிறார். இயற்கையை வியப்பதற்கு அதன்மேல் தெய்வ ஆற்றலையோ மந்திரத்தையோ ஏற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற் போயிற்று. வியப்போ சிறிதும் குறையவில்லை. சிற்றூரையும் பட்டணத்தையும் அவ்வரிசையிலேயே சேர்த்துத் தமிழ்மொழியை இறுதியில் வைத்தது அவருக்கே உரிய துணிச்சல்.

பாண்டியன் பரிசு, குடும்ப விளக்கு, இருண்ட வீடு முதலிய நூல்களும் 1940களில் வந்தவையே. எதிர்பாராத முத்தம் 1950இல் பொன்முடி என்னும் திரைப்படமாயிற்று. புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்ட காலத்தை ஒட்டி, அதன் சட்டமன்ற உறுப்பினராகவும் அவர் விளங்கினார். கொள்கையால் பாரதியாரிடமிருந்து எத்துணை விலகிய போதும் பாரதிதாசன் என்னும் பெயரை அவர் விடவில்லை. சாதியைப் பொருட்படுத்தாத பாரதியாரின் உள்ளமே தம்மைக் கட்டியது என்பது அவர் கருத்து.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் பாவேந்தர் மறைந்தார். அவரது உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டது. பிசிராந்தையார் நாடகத்திற்கான 1969ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பெற்றது. புதுவை பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. புதுவையின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிப்பதும் அவர் பாடலே.