தாமஸ் கிளார்க்ஸன்

சட்டங்கள் ஆள்வோர் மனத்தில் தாமாகவே உதிப்பன அல்ல. தம் ஆதாயத்தைக் காக்க முயலும் கூட்டத்தார் ஒரு புறமும், பொதுஜன அபிப்பிராயம் மறுபுறமும் இழுக்க, அவ்விரண்டிற்கும் இடையே அவை உருவாகின்றன. இதனைத் தம் வாழ்நாளெல்லாம் கண்டறிந்த ஆங்கிலேயர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தாமஸ் கிளார்க்ஸன் 1760-ஆம் ஆண்டில் விஸ்பீச் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1785-இல், பிறரை அவர் விருப்பத்திற்கு மாறாக அடிமைகளாக்குதல் முறையோ என்னும் பொருள் பற்றி லத்தீனில் கட்டுரை வரைந்து பரிசு பெற்றார். புகழை நாடி எழுதத் தொடங்கியவரை, தாம் அறிந்த செய்திகளே உறங்கவொட்டாமல் வருத்தின. லண்டனுக்குக் குதிரையேறிச் செல்கையில் வழியில் இறங்கி அமர்ந்து, தாம் எழுதியது மெய்யாயின் இக்கொடுமைக்கு முடிவு காண ஒருவர் முற்பட வேண்டுமே என்று சிந்தித்தார். அவ்வொருவர் தாமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1787-இல் பன்னிருவர் கூடி லண்டனில் ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களில் ஒன்பதின்மர் குவேக்கர்கள். எதிர்ப்புறத்திலோ, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டக்காரரும், லிவர்ப்பூல், பிரிஸ்டல் நகரங்களின் கப்பல் வர்த்தகரும் நின்றனர். அவர்களிற் சிலர் பார்லிமெண்டிலேயே ஆசனம் பெற்றிருந்தனர். அடிமை வியாபாரம் மாலுமிகளைப் பயிற்றும் பள்ளி என்பது அவர்களுடைய வாதங்களுள் ஒன்று. கிளார்க்ஸன் துறைமுகந்தோறும் சென்று கப்பல்களின் பெயர்ப் பதிவுகளை ஆராய்ந்து, அது மாலுமிகளுக்கு இடுகாடாயிருத்தலை மெய்ப்பித்தார். லிவர்ப்பூல் கடையொன்றில் கைவிலங்குகளை விலைக்கு வாங்கிச் சான்றாகக் காட்டினார். அந்நகரின் துறையிலேயே சிலர் அவரைக் கடலில் தள்ள முயன்றபோது அரிதில் உயிர் தப்பினார்.

482 மனிதர் நெருக்கிக் கிடத்தப்பட்ட புரூக்ஸ் என்னும் கப்பலின் படத்தைச் சங்கத்தார் எங்கும் பரப்பினர். அடிமையாயிருந்து விடுதலையடைந்த ஒலாடா எக்வியானோ 1789-இல் தம் சரிதத்தை வெளியிட்டார். ஆயினும் 1791-இல் மஸோதா 88-க்கு 163 வாக்குகளால் தோல்வியுற்றது. அதன்பின் பல்லாயிரம் குடும்பத்தார் சர்க்கரையைத் துறந்தனர். 1792-இல் 519 விண்ணப்பங்கள் பார்லிமெண்டை அடைந்தன. காமன்ஸ் சபை படிப்படியாக ஒழிக்க இசைந்தது. பிரபுக்கள் சபையோ காலம் கடத்தியது. பிரான்சோடு யுத்தம் மூண்டபின், சீர்திருத்தம் பேசுவோர் மீதெல்லாம் ஐயம் எழுந்தது. 1794-இல் உடல் நலிவுற்ற கிளார்க்ஸன் சில ஆண்டுகள் ஒதுங்கி வாழ நேர்ந்தது. பின்னர் மீண்டும் ஊர்தோறும் சென்று உழைத்தார். 1807-இல் அவ்வியாபாரம் சட்டத்தால் ஒழிந்தது.

எனினும் அடிமைத்தனம் நிலைத்திருந்தது. முதுமையிலும் அவர் பிரயாணம் செய்து பேசினார். 1833-இல் அதனை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபோது, எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் ஈடாக வழங்கப்பட்டது. உழைத்து மாய்ந்தோர்க்கு ஒரு காசும் இல்லை. பொதுஜன அபிப்பிராயம் வென்றது. ஆயினும் ஆதாயக் கூட்டத்தார் தம் விலையைப் பெற்றே விலகினர்.

கிளார்க்ஸன் 1846-இல் பிளேபோர்டில் காலமானார். செல்வமும் பதவியும் எதிர்த்து நின்றபோது அவர் கைக்கொண்ட கருவி, ஆராய்ந்தறிந்த உண்மையே. கூக்குரல் எளிது, சான்று தேடுதல் அரிது. பரிசுக்கென எழுதும் கட்டுரையும் வாழ்க்கையையே கேட்கக்கூடும் என்பதை மாணாக்கராகிய நாம் மறவாதிருப்போமாக.