அடிமையாகப் பிறந்த சுதந்திரர்

கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஹிராபோலிஸ் நகரில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அவரை உலகம் எபிக்டெட்டஸ் என்றே அறியும். கிரேக்க மொழியில் அச்சொல்லின் பொருள், 'ஈட்டப்பட்டவன்'. ஆம், அவர் ஓர் அடிமை, கால் ஊனமுற்றவரும்கூட. எஜமானரின் கொடுமையே அதற்குக் காரணம் என்பர் சிலர். நோய் என்பர் வேறு சிலர். அவரோ அதைக் குறையாக எண்ணவில்லை. ஊனம் காலுக்குத்தான் தடை, உள்ளத்தின் உறுதிக்கு அன்று என்பதே அவரது முடிவு.

ரோமில் அவருடைய எஜமானராக இருந்தவர் எபஃப்ரோடிட்டஸ். இவரும் முன்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்; நீரோ மன்னனின் செயலாளராக உயர்ந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவர் வீட்டில் அடிமையாக இருந்த நாட்களிலேயே எபிக்டெட்டஸ், மூசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் ஸ்டோயிக் தத்துவம் பயின்றார். கி.மு. 300ஐ ஒட்டி ஜீனோ என்பவர் ஏதென்ஸ் நகரின் தூண்மண்டபம் ஒன்றில் கற்பிக்கத் தொடங்கிய தத்துவம் அது. 'ஸ்டோவா' என்றால் தூண்மண்டபம், அதனாலேயே அப்பெயர்.

எபிக்டெட்டஸ் பின்னர் விடுதலை பெற்றுத் தாமே ஆசிரியரானார். டொமிஷியன் மன்னன் தத்துவ அறிஞர்களை நாடு கடத்தியபோது, கிரேக்க நாட்டின் நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நிறுவினார். அதே மன்னன் கி.பி. 95ஐ ஒட்டி எபஃப்ரோடிட்டஸைக் கொன்றான். நீரோவின் தற்கொலைக்குத் துணைநின்றார் என்பது குற்றச்சாட்டு. எஜமானரின் உயர்வு ஒரு மன்னனின் தயவில் வந்தது. மற்றொரு மன்னனின் சினத்தில் மறைந்தது. அடிமையாக இருந்தவரிடமோ மன்னனால் பறிக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை.

அவர் போதனையின் சாரம் எளியது. உடல், செல்வம், புகழ், பதவி ஆகியவை நம் வசத்தில் இல்லை. நம் தீர்மானம், விருப்பு, வெறுப்பு ஆகியவையே நம் வசத்தில் உள்ளன. இவ்வேறுபாட்டை அறிந்து வாழ்பவன் சுதந்திரன். அறியாதவன் அரியணையில் இருந்தாலும் அடிமையே.

ஒருமுறை அவர் வீட்டிலிருந்த இரும்பு விளக்கு திருடுபோயிற்று. திருடன்மீது சினம் கொள்ளாத அவர், இனி மண்விளக்கே போதும் என்று அமைதியுற்றார். அவர் மறைந்தபின் ஒருவர் அந்த மண்விளக்கை 3000 திராக்மா கொடுத்து வாங்கினார்! விளக்கு கிடைத்தால் ஞானமும் கிடைக்கும் என்ற பேதைமையை எழுத்தாளர் லூசியன் எள்ளி நகையாடியுள்ளார்.

ஸ்டோயிக் மனவுறுதி என்றால் கல்நெஞ்சம் என்று கருதுவோர் உண்டு. எபிக்டெட்டஸின் முதுமையைக் காணுங்கள். தனித்தே வாழ்ந்த அவர், வறுமையால் நண்பர் ஒருவர் கைவிடவிருந்த குழந்தையைத் தாமே ஏற்று வளர்த்தார். தமக்கென எதையும் நாடாத உள்ளத்தில்தான் பிறருக்கு இடம் மிகுதி.

அவர் நூலேதும் எழுதவில்லை. மாணவர் அரியன் குறித்துவைத்த உரைகளில் நான்கு பகுதிகளும், 'கையேடு' என்ற சுருக்கநூலும் எஞ்சியுள்ளன. அவ்வுரைகளைத் தம் ஆசிரியர் ரஸ்டிக்கஸ் வழியாகப் பெற்றுப் பயின்ற மார்க்கஸ் அரேலியஸ், கி.பி. 161இல் ரோமின் மன்னரானார். 1965இல் வியட்நாமில் சிறைப்பட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், ஏழு ஆண்டுகளுக்கும் மேலான சிறைக்கொடுமையைத் தாங்க அதே போதனையைத் துணைக்கொண்டார்.

அரியணையில் இருந்தவருக்கும் சிறையில் இருந்தவருக்கும் வழிகாட்டியவர் ஓர் அடிமை. நம்மை இன்று கலங்கச் செய்வது எதுவாயினும், அது நம் வசத்தில் உள்ளதா, இல்லையா என்று ஒருகணம் வினவுவோம். அக்கேள்வியிலிருந்தே விடுதலை தொடங்குகிறது.