உலகத் துறைமுகங்களை மாற்றிய லாரி டிரைவர்! கன்டெய்னர் கப்பலின் தந்தை மெக்லீன்

சென்னை துறைமுகம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் கன்டெய்னர் லாரிகள்தான். அந்த இரும்புப் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி உலக வியாபாரத்தையே புரட்டிப் போட்டவர் பெரிய படிப்பு படித்தவர் அல்ல. ஒரு சாதாரண லாரி டிரைவர். பெயர் மால்கம் மெக்லீன்.

பெட்ரோல் பங்க் வேலை

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சின்ன ஊரில், 1913-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி விவசாயி மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்போடு சரி. பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்தார். 1934-ல் ஒரு பழைய லாரியை வாங்கி அவரே ஓட்டினார்.

1937-ல் பருத்தி பேல்களை ஏற்றிக்கொண்டு நியூஜெர்சி துறைமுகத்துக்குப் போனவர், சரக்கை இறக்க நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாராம். ஒவ்வொரு பேலாக இறக்கி கப்பலில் ஏற்றுவதைப் பார்த்தபோதுதான், பெட்டியோடு தூக்கி வைத்தால் என்ன என்ற யோசனை வந்ததாகப் பின்னாளில் சொல்லி வந்தார்.

58 பெட்டிகள்

யோசனை பலிக்க 19 வருஷம் ஆனது. அதற்குள் 1,700 லாரிகளுக்கு மேல் ஓடும் கம்பெனிக்கு முதலாளி ஆகிவிட்டார். ஆனால் லாரி கம்பெனிக்காரர் கப்பல் கம்பெனியும் நடத்த அமெரிக்க சட்டம் இடம் தரவில்லை. துணிந்து லாரி தொழிலை விட்டார். 1955-ல் கடன் வாங்கி கப்பல் கம்பெனியை வாங்கினார்.

1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி, பழைய எண்ணெய்க் கப்பலான 'ஐடியல் எக்ஸ்' 58 பெட்டிகளோடு நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. கையால் ஏற்றினால் டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் செலவு. பெட்டியில் வெறும் 16 சென்ட்! கப்பல் முதலாளிகள் வாயடைத்துப் போனார்கள்.

வேலை போச்சு

லாபத்துக்குப் பின்னால் கண்ணீரும் இருந்தது. பல நாள் நடந்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை போச்சு. நியூயார்க் தொழிலாளர்கள் சங்கம் மூலம் போராடி, வேலை இல்லாவிட்டாலும் வருட வருமானம் உண்டு என்ற உத்தரவாதத்தை 1960-களில் வாங்கினார்கள். அந்தக் கொடுப்பினை எல்லா ஊருக்கும் கிடைக்கவில்லை. லண்டனின் பழைய கப்பல் துறைகள் 1967 முதல் 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சறுக்கல்

1969-ல் தனது 'சீ-லேண்ட்' கம்பெனியை விற்று பெரும் பணக்காரர் ஆனார் மெக்லீன். சும்மா இருக்கவில்லை. 1978-ல் வேறு கப்பல் கம்பெனியை வாங்கி, எண்ணெய் விலை ஏறும் என்று நம்பி 12 ராட்சதக் கப்பல்கள் கட்டினார். எண்ணெய் மிச்சமாகும், ஆனால் வேகம் குறைவு. எண்ணெய் விலையோ சரிந்தது. கணக்கு தப்பியது. 1986-ல் 100 கோடி டாலருக்கும் மேல் கடனோடு கம்பெனி திவால் ஆனது. ஏராளமானோர் வேலை இழந்தனர். ஆனாலும் 80 வயதை நெருங்கும்போது மீண்டும் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார்.

சங்கு ஊதின

சென்னை துறைமுகத்தில் தனி கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. மெக்லீன் 2001-ம் ஆண்டு மே 25-ந்தேதி தனது 87-வது வயதில் காலமானார். இறுதிச் சடங்கு நாளில் உலகம் முழுவதும் கன்டெய்னர் கப்பல்கள் சங்கு ஊதி அஞ்சலி செலுத்தியது குறிப்பிடத்தக்கது.