காத்தே கொல்விட்ஸ் அம்மையார்

சித்திரம் என்றவுடன் நம்மவர் நெஞ்சம் வர்ணங்களையே நாடும். பொன்னும் பச்சையும் நீலமும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வெண்மையும் கருமையுமே துணையாகக் கொண்டு, மானிட உருவம் ஒன்றனாலேயே உலகோர் உள்ளத்தை உருக்கிய ஒரு மாதரசியின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலம். அவரே ஜெர்மனி தேயத்துக் காத்தே கொல்விட்ஸ் அம்மையார்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி கோனிக்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். அந்நகர் இன்று ருஷியாவைச் சார்ந்து கலினின்கிராட் எனப் பெயர் பெற்றுள்ளது. தந்தையார் கார்ல் ஷ்மித், சட்டம் பயின்றும் அத்தொழிலை மேற்கொள்ளாது கட்டட வேலையில் அமர்ந்தவர். மகளின் கைத்திறனை இளமையிலேயே உணர்ந்த அவர், பெண்ணென்று ஒதுக்காமல் சித்திரக் கல்வி பயிற்றுவித்தார். பெர்லின், ம்யூனிக் நகரங்களின் அரசாங்கக் கலைக்கழகங்கள் அந்நாளிற் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆதலின் அவ்விரு நகரங்களிலும் மாதர்க்கென அமைந்த பள்ளிகளிற் பயின்றார்.

1891-இல் கார்ல் கொல்விட்ஸ் என்னும் வைத்தியரை மணந்து, பெர்லினின் வடபாகத்தில் தொழிலாளர் வாழும் பகுதியிற் குடியேறினார். கணவர் ஏழைகளுக்கு வைத்தியம் செய்பவர். அவரை நாடி வந்த மாதர், தம் குடும்பத் துயரை அம்மையாரிடம் கூறி ஆறுவர். உழைத்துக் காய்த்த கைகளும் சுமை தாங்கிக் கூனிய முதுகுகளும் இவ்வாறே அவருடைய சித்திரங்களிற் புகுந்தன.

1844-இல் சைலீசியா நாட்டு நெசவாளர் பசி பொறாது கிளர்ந்தெழுந்ததைப் பற்றிய ஹௌப்ட்மனின் நாடகத்தைக் கண்டு, 6 சித்திரங்கள் இயற்றினார். மூன்று கல்லச்சில் அமைந்தவை. மூன்று செப்புத்தகட்டைத் திராவகத்தால் அரித்து அச்சிட்டவை. 1898-இல் பெர்லின் கண்காட்சியில் அவற்றைக் கண்ட நடுவர், பொற்பதக்கம் அளிக்கக் கருதினர். வில்ஹெல்ம் சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். பதக்கம் தவறியது, புகழ் தவறவில்லை.

அம்மையார் வர்ணத்தை விடுத்தது இயலாமையால் அன்று. ஆடையின் நிறமும் அறையின் அழகும் நீங்கியவிடத்து, காண்போர் கண் வேறெங்கும் செல்லாது முகத்திலும் கையிலுமே தங்கும். மேலும், அச்சுச் சித்திரம் பல பிரதிகளாகப் பெருகுமாதலின், எளியோர் கைக்கும் எட்டும்.

1903-இல் இறந்த மகவைத் தழுவிய தாயைச் சித்திரிக்க எண்ணி, தம் 7 வயது மகன் பீட்டரைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன் அமர்ந்து வரைந்தார். பதினோராண்டு கழிந்து அச்சித்திரம் மெய்யாயிற்று. 1914-இல் உலகப்போர் மூண்டபோது, 18 வயதினனான பீட்டர் சேனையிற் சேர விழைந்தான். தந்தை இசையவில்லை. தாயே பரிந்து பேசி இசைவு பெற்றுத் தந்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே பெல்ஜியத்தில் அவன் மாண்டான். தாமே அனுப்பினோம் என்னும் வேதனை அவரை விட்டகலவில்லை.

அவ்வேதனை வீண்போகவில்லை. 1921, 1922 ஆண்டுகளில் போரைப் பற்றி 7 சித்திரங்களை மரத்திற் செதுக்கினார். மர அச்சில் உளி பட்டவிடம் வெண்மை, படாதவிடம் கருமை, இடைப்பட்ட சாயலுக்கு இடமில்லை. அவற்றுள் ஒன்றில், தாய்மார் பலர் சிறாரை நடுவே வைத்து ஒருவரையொருவர் தழுவி நிற்கின்றனர். உடல்களெல்லாம் ஒரே கருந்திரளாக, முகங்களும் கைகளும் மட்டுமே வெளுத்துத் தோன்றும். போர்க்களம் காட்டாமலே போரின் கொடுமையைக் காட்டும் ஆற்றல் அக்கருமைக்கு வாய்த்தது. மகன் துயின்ற இடுகாட்டில், மண்டியிட்ட தாய் தந்தையர் சிலைகளை 1932-இல் நிறுவினார்.

பிரஷ்யக் கலைக்கழகம் 1919-இல் அவரை அங்கத்தினராக்கிச் சிறப்பித்தது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், அவர்களை எதிர்த்த விண்ணப்பத்தில் ஒப்பமிட்ட குற்றத்துக்காக விலக நேர்ந்தது. 1940-இல் கணவரும், 1942-இல் பீட்டர் என்ற அதே பெயருடைய பேரனும் மறைந்தனர். பேரன் மாண்டதும் போர்க்களத்திலேயே. மறுவருஷம் பெர்லின் இல்லம் குண்டுகளால் அழிந்தது. போர் முடியச் சில நாட்களே இருக்கையில், 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி அம்மையார் மோரிட்ஸ்பர்க்கில் காலமானார்.

அன்பர்காள்! நம் இல்லத்துச் சிறுமி கரித்துண்டால் சுவரில் உருவம் எழுதுவாளாயின், சினந்து கையைத் தட்டிவிடாது, ஒரு தாளும் எழுதுகோலும் கொடுங்கள். கார்ல் ஷ்மித் தம் மகளுக்குச் செய்ததும் அதுவே.