குருதிப் புற்றுக்கு முதல் மருந்து தந்த சுப்பாராவ்

நம் ஆனேக்கல் தாலுகாவில் ஓசூர்ப் பெருவழியை அடுத்துள்ள பொம்மசந்திரத்தைச் சங்க அன்பர்கள் யாவரும் நன்கு அறிவார்கள். அங்கு 2009ஆம் ஆண்டில் மஜும்தார் ஷா புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது முதல், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய பகுதிகளினின்றும் குழந்தைகளைத் தோளிற் சாய்த்தபடி வரும் தமிழ்ப் பெற்றோர்களை வழியெங்கும் காண்கிறோம். அவர்களுட் பலர் வந்திருப்பது குருதிப் புற்றின் பொருட்டு. அந்நோயின் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சம் நடுங்குகிறது. பழைய திரைப்படங்களில் கதாநாயகியோ நாயகனோ கடைசிக் காட்சியில் இரத்தம் கக்கி மாய்வதைப் பார்த்துப் பார்த்து, இந்நோய்க்கு மருந்தே இல்லை என்னும் முடிவு நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. உண்மை அஃதன்று. அக்குழந்தைகளுட் பெரும்பாலோர் வாரம் ஒரு முறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் என்னும் சிறு மாத்திரையைத் தந்த ஆய்வுக் கூடத்தின் தலைவர் நம் சென்னையிற் கல்வி பயின்ற ஒருவரே. அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. தந்தையார் உடல் நலிவினால் உத்தியோகத்தை முன்னதாகவே விட நேர்ந்தமையின் குடும்பம் வறுமையில் உழன்றது. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டுவது அவர் எண்ணம். தாயார் இடையிலேயே பிடித்துக் கொணர்ந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியினின்று எழுதித் தேறினார். மெட்ரிகுலேஷனைத் தாண்டாத என் போன்ற எழுத்தர்களுக்கு இச்செய்தி தனி இனிமை தருவதில் வியப்பில்லை. ஆயினும் அவர் அதனோடு நின்றாரில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

மாநிலக் கல்லூரியில் பயின்றபொழுது இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து துறவு பூண விரும்பினார். தாயார் இசையவில்லை. ஆகவே தொண்டு செய்யும் மற்றொரு வழியாகிய மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்துச் சென்னை மருத்துவக் கல்லூரியை அடைந்தார். அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்புக்குக் கதராடை உடுத்துச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியராகிய பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. அதன் விளைவாக, எம்.பி.பி.எஸ். பட்டம் பெற வேண்டியவர் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளிவந்தார். அரசாங்க மருத்துவப் பணியின் கதவு அடைபட்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராய் அமர்ந்தார்.

இதற்கிடையே குடும்பத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்பிரூ என்னும் கடும் வயிற்றுப்போக்கு நோய்க்கு இரையாயினர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமையால் குருதி வற்றி மெலியச் செய்யும் நோய் அது. அன்று அதற்கு மேனாட்டு மருத்துவத்தில் தக்க மருந்தில்லை. மாண்டவர்களை மீட்க இயலாது, மருந்தைத் தேடலாமன்றோ? இவ்வேட்கையே அவரைக் கடல் கடக்கச் செய்தது. மாமனார் பொருளுதவி செய்தார்; காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் கைகொடுத்தது. இளம் மனைவியாகிய சேஷகிரி அம்மையாரைச் சில ஆண்டுகளில் திரும்புவதாகத் தேற்றிவிட்டு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அங்கே அவருடைய இந்தியப் பட்டத்திற்கு மதிப்பில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு மருத்துவம் பயின்றுகொண்டே, இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் பணியாளராய் உழைத்து வயிறு வளர்த்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்பாரின்கீழ் உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் இறங்கினார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸின் அளவைக் காண்பதற்கு இருவரும் 1925இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கலாயிற்று. 1927இல் தசைகளில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டறிந்தனர். உயிர்கள் தம் ஆற்றலைச் சேர்த்து வைத்துச் செலவிடும் நாணயம் இந்த ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பாரும் தனித்து அதனைக் கண்டார். 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான ஆசிரியப் பதவி அளிக்கவில்லை. அவர் செய்த பணிகள் சில அச்சேறவும் இல்லை. பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்களை மற்றவர்கள் பல்லாண்டு கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், ஃபிஸ்கே அவற்றை வெளியிட விடாமையே அதற்குக் காரணம் என்றும் கூறியிருக்கிறார். சுப்பாராவ் இதுபற்றி வழக்காடவில்லை. இது பெருந்தன்மையோ, அந்நிய நாட்டில் ஆதரவற்றோர்க்கு வாய்க்கும் அடக்கமோ, நாம் எப்படி அறிவோம்? பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இரண்டாவதும் விளங்காத ஒன்றன்று.

1940இல் அவர் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்தை அடைந்தார். விரைவில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். நெடுநாள் உள்ளத்திற் புதைந்திருந்த பழைய வினா இங்கே மீண்டும் முளைத்தது. ஸ்பிரூவையும் அதனை ஒத்த சோகையையும் போக்கும் பொருள் யாது?

அதற்கு ஒரு தடயம் நம் நாட்டிலேயே கிடைத்திருந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்டினின்று எடுத்த சத்து அதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். நீலகிரி மலையில் குன்னூரிலும் அவர் ஆய்வு செய்ததுண்டு. அச்சத்து கீரைகளிலும் ஈரலிலும் உள்ளதென்று பின்னர்த் தெரிந்தது. கீரையிலை பற்றி அதற்குப் போலிக் அமிலம் என்று 1941இல் பெயரிட்டனர். ஆனால் மணங்குக் கணக்கில் கீரையை வடித்தாலும் கிடைப்பது கடுகளவே. சுப்பாராவின் குழுவினர் பன்னாள் முயன்று அதன் அமைப்பை அறிந்து, 1945இல் ஆய்வுக்கூடத்திலேயே அதனை ஆக்கிக் காட்டினர். ஸ்பிரூ நோயாளிகளின் சோகை அதனால் தணிந்தது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு, சற்றொப்ப கால் நூற்றாண்டு கழிந்து, அவர் கையிலேயே மருந்து வந்து சேர்ந்தது.

இங்குதான் கதை திரும்புகிறது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோய்க்கூற்று வல்லுநர் இருந்தார். குருதிப் புற்றால் குழந்தைகள் சில வாரங்களில், சில திங்களில் மாய்வதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். சோகையைத் தீர்க்கும் போலிக் அமிலம் இதற்கும் உதவலாம் என்று கருதி, சுப்பாராவிடமிருந்து அவ்வகை மருந்துகளைப் பெற்று அக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை; விரைந்து முற்றியது. மருந்து எரியும் தீயில் எண்ணெயாயிற்று. வேறொருவராயின் அம்முயற்சியை அத்துடன் மறைத்து மூடியிருப்பார். ஃபார்பர் அதிலிருந்தே ஓர் உண்மையை உணர்ந்தார். போலிக் அமிலம் புற்றணுக்களுக்கு உணவாயின், அதனை அவற்றுக்குக் கிட்டாமற் செய்தால் என்ன? சுப்பாராவின் கூடத்தில் இதற்கேற்ற பொருள்கள் உருவாகிக்கொண்டிருந்தன. போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுடைய, ஆனால் ஓரிடத்தில் மட்டும் சிறிது மாற்றிய போலிப் பொருள்கள் அவை.

இதன் நுட்பத்தை எங்கள் இரயில்வே வழக்கால் விளக்கலாம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் வண்டி நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டுமானால், ஓட்டுநர் கையில் டோக்கன் இருத்தல் வேண்டும் என்பது பழைய விதி. டோக்கன் தரும் கருவிக்குள் அதே வடிவுடைய போலி ஒன்று புகுந்து சிக்கிக்கொண்டால், உண்மையான டோக்கனும் வெளிவராது, வண்டியும் நகராது. உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது டி.என்.ஏ. என்னும் இழையைப் புதிதாக நெய்தாக வேண்டும். அதற்குப் போலிக் அமிலத்தைப் பக்குவப்படுத்தித் தரும் நொதியில் இப்போலி சென்று சிக்கிக்கொள்கிறது. ஓயாது பெருகும் புற்றணுக்களே முதலில் தடைப்பட்டு மடிகின்றன. வாய், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் நல்ல அணுக்களும் விரைந்து பெருகுவனவாதலால், வாய்ப்புண் முதலிய துன்பங்களும் இம்மருந்தால் நேர்கின்றன.

முதலில் முயன்ற இரண்டொரு பொருள்கள் போதிய பயன் தரவில்லை. 1947 டிசம்பர் 28ஆம் நாள் அமினோப்டெரின் என்னும் பொருள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. வீங்கியிருந்த வயிறு தணிந்தது; நிற்கவியலாத குழந்தை நடந்தது. 1948 ஜூன் 3ஆம் நாள் ஃபார்பர் முதலிய ஐவர் தம் ஆய்வை வெளியிட்டனர். பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பதின்மருக்கு நோய் தணிந்தது. இதற்கு முன் மருந்து ஒன்றால் குழந்தைகளின் குருதிப் புற்று இவ்வாறு பின்வாங்கியதே இல்லை. ஐந்து ஆசிரியர்களுள் சுப்பாராவ் பெயர் இல்லை.

ஆனால் தணிவு நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. முதல் குழந்தையும் 1948லேயே மாண்டது. இந்தச் செய்தியை நம் காலனிக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஊன்றி நோக்க வேண்டும் என்பது என் கருத்து. நோய் முற்றிய குழந்தையின் உடலில் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் வரை இருக்கும் என்று கணக்கிடுகின்றனர். முதல் மாத மருத்துவத்தில் காய்ச்சல் விட்டு, முகம் தெளிந்து, பிள்ளை விளையாடத் தொடங்கும் நிலையிலும், ஆயிரம் கோடி அணுக்கள் வரை கண்ணுக்குப் புலப்படாமல் பதுங்கியிருக்கக் கூடும். இதனை அறியாமல், பிள்ளை தேறிவிட்டது, இனி வீண் செலவும் அலைச்சலும் எதற்கு என்று ஊர் திரும்பிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். கூலியை இழந்து, வட்டிக்கு வாங்கி, தாலுகா விட்டுத் தாலுகா வருவோரின் இடர்ப்பாட்டை நான் அறியாதவனல்லேன். ஆயினும் இடையில் நிறுத்திய மருத்துவம் 1948ஆம் ஆண்டின் மருத்துவமாகவே முடியும்.

அன்று தணிந்த நோயை இன்று நிலையாக வெல்வது எவ்வாறு நிகழ்ந்தது? ஒரு மருந்தன்றிப் பல மருந்துகளை ஒருங்கே கொடுப்பதாலும், மருந்து எளிதில் எட்டாத மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்த நீரிலும் அதனைச் செலுத்துவதாலும், இரண்டாண்டுக்கு மேலும் விடாது தொடர்வதாலுமே. அமினோப்டெரினினும் கையாளத் தக்கதான அதன் தம்பி மெத்தோட்ரெக்சேட்டும் லெடர்லே கூடத்திலேயே பிறந்தது; அமெரிக்க அரசு 1953இல் அதற்கு இசைவு தந்தது. மெம்ஃபிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கல் 1960களின் இறுதியில் குழந்தைகளுட் பாதிப்பேரைக் குணமாக்கிக் காட்டினார். செல்வ நாடுகளில் இன்று, நிணவணுக்களைப் பற்றும் கடுங்குருதிப் புற்றுற்ற குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். நம் நாட்டில் அந்நிலை இன்னும் முழுதும் எய்தவில்லை. ஆயினும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையும், டில்லி எய்ம்ஸ் நிறுவனமும் 1980களின் இடையில் எம்.சி.பி. 841 என்னும் ஒரே மருத்துவ முறையை மேற்கொண்ட பின்னர், பிழைக்கும் குழந்தைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. அம்முறையிலும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு இடமுண்டு. மூட்டுவாதத்துக்கும் இன்று அம்மருந்தே குறைந்த அளவில் வழங்கப்படுகிறது.

சுப்பாராவின் பணி இத்துடன் முடிந்ததன்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் மருந்தும், டக்கர் என்னும் முதியவர் மண்ணினின்று கண்ட ஆரியோமைசினும் அவர் தலைமையின்கீழ் வெளிவந்தவையே. நம் நாட்டில் 2004 முதல் யானைக்கால் ஒழிப்புக்காக வீடுதோறும் மாத்திரை கொடுத்தனரே, அது ஹெட்ரசானேதான்.

1946இல் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் வழி திறந்தது. சுப்பாராவ் அதனைப் பெறவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு திங்கள் ஆனபொழுது, 1948 ஆகஸ்டில், மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. ஒருவகைப் பூஞ்சைக்கு அறிஞர்கள் சுப்பாரோமைசிஸ் என்று பின்னர்ப் பெயரிட்டனர். 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. அவர் கப்பலேறிய பின்னர்ப் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தான். தந்தை அவன் முகத்தைப் பார்த்ததில்லை. சில ஆண்டுகளில் திரும்புவார் என்று காத்திருந்த சேஷகிரி அம்மையாரும் தம் கணவரை மீண்டும் காணவேயில்லை.