பங்குச் சந்தையை ஏன் துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை? அன்றே யோசித்த கணித மேதை

நேற்று ஏறிய பங்கு இன்று ஏன் சரிந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டதுண்டா?

அப்படின்னா, ஹென்றி புவான்காரேயை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

1854இல் பிரான்சின் நான்சி நகரில் பிறந்த கணித மேதை.

சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் 60ஆவது பிறந்தநாளையொட்டி ஒரு கணிதப் போட்டி நடந்தது. ஒன்றையொன்று ஈர்க்கும் விண்பொருள்கள் எதிர்காலத்தில் எப்படி நகரும்? இதுதான் அதில் ஒரு கேள்வி.

1889இல் புவான்காரேக்குப் பரிசு. தங்கப் பதக்கம், 2,500 குரோனர்.

ஆனால் அச்சுக்குப் போன பிறகுதான் கட்டுரையில் பெரிய பிழை இருப்பது தெரிந்தது! மீண்டும் அச்சிட 3,500 குரோனருக்கும் மேல் செலவு. பரிசுத் தொகையைவிட அதிகம். அதை அவரே கட்டினார்.

பிழையில் கிடைத்த புதையல்

திருத்தும்போது அவர் கண்டது: மூன்றே பொருள்கள் இருந்தாலும் அவற்றின் பாதைகள் கற்பனைக்கு எட்டாத அளவு சிக்கலாகலாம். தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தால் போதும், முடிவு எங்கோ போய்விடும்.

பின்னாளில் வந்த கேயாஸ் கோட்பாட்டுக்கு அதுவே விதை.

சரி, சந்தைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1900இல் லூயி பஷெலியே என்பவர் பாரிஸ் பங்குச் சந்தை விலைகளை ஆராய்ந்தார். விலை ஏறுமா இறங்குமா என்பது நாணயத்தைச் சுண்டுவது போன்றது என்பது அவரது அடிப்படை. ஆய்வேட்டைச் சோதித்தவர்களில் புவான்காரேயும் ஒருவர்.

1908இல் வெளிவந்த தமது நூலில் புவான்காரே வேறொன்றைக் கவனித்தார். மனிதர்கள் கூட்டமாக இருக்கும்போது தனித்தனியாக முடிவெடுப்பதில்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்கிறார்.

இதுல என்ன ஆபத்து?

விலை இறங்குகிறது. பயந்து சிலர் விற்கிறார்கள். விலை இன்னும் இறங்குகிறது. இன்னும் பலர் விற்கிறார்கள். விளைவே அடுத்த காரணமாகிவிடுகிறது.

1987 அக்டோபர் 19ஆம் தேதி அமெரிக்காவின் டாவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் சுமார் 22.6 விழுக்காடு சரிந்தது. விலை இறங்கினால் விற்கும்படி அமைக்கப்பட்ட கணினித் திட்டங்கள் சரிவை இன்னும் வேகப்படுத்தின.

அப்படியானால் சந்தை கேயாஸ் கோட்பாட்டின்படிதான் இயங்குகிறதா?

அது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சின்ன அசைவு பெரிய சரிவாக மாறலாம் என்பது பலமுறை கண்ட உண்மை.

புவான்காரே 1912இல், 58 வயதில் காலமானார். மூன்று விண்பொருள்களையே நெடுங்காலத்துக்குக் கணிப்பது கடினம் என்று காட்டியவர் அவர்.

சந்தையில் இருப்பதோ கோடிக்கணக்கான மனிதர்கள். அடுத்த மாதம் இந்தப் பங்கு நிச்சயம் ஏறும் என்று யாராவது அடித்துச் சொன்னால், பணப்பையைத் திறக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.