பாறையைப் புண்படுத்தாதவர்

மலையேறியோரின் வரலாறுகளைப் படிக்குந்தோறும் என் மனம் பவுல் புரொய்ஸ் என்பாரிடமே சென்று நிற்கும். சிகரங்களை வென்றோர் பலர். எவ்வழியால் வெல்லுதல் தகும், எவ்வழியால் தகாது என்று வினவியோர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் அவர்.

1886ஆம் ஆண்டு அவுஸ்திரியாவின் அல்ட்டவுஸ்ஸே என்னும் மலையூரில் இசையாசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிற் கொடுநோயால் நடக்கவியலாது கிடந்த பிள்ளை, தேறியபின் மலைகளையே நாடியது. தாவரவியல் கற்று, 1912இல் மியூனிக்கிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

1911 யூலை 28ஆம் நாள், புரெந்தா மலைத்தொடரிலுள்ள கம்பனீலே பாசோ என்னும் கற்றூணின் கிழக்கு முகத்தில் அவர் தனியே ஏறினார். அதுவரை எவரும் ஏறாத முகம் அது. கயிறுமில்லை, ஆணியுமில்லை.

அவ்வாண்டிலேயே அவர் எழுதிய கட்டுரையொன்று மலையேறுவோரிடையே பெரும் விவாதத்தை மூட்டியது. பாறையில் அறையும் இரும்பாணி ஆபத்து வேளைக்குரிய சேமிப்பேயன்றி, ஏறுதற்குரிய படியன்று. இறங்க வல்ல இடத்திலேயே ஏற வேண்டும். தன் ஆற்றலைச் சரியாக அளந்தறிதலே முதற் காவல். இவை அவர் கொள்கைகள். இவ்விதி இளைஞரின் உயிரைக் குடிக்கும் என்றனர் எதிர்த்தோர்.

1913 ஒக்டோபர் 3ஆம் நாள், மண்டில்கோகல் மலையின் வடமுகட்டிற் தனியே ஏறுகையில் வீழ்ந்து மாண்டார். வயது இருபத்தேழு. அம்மரணமே அவர் கொள்கைக்கு மறுப்பாயிற்று என்று பலர் கருதினர். நான் அவ்வாறு கருதவில்லை.

ஏனெனில், அவர் எழுப்பிய வினாவுக்குப் பின்வந்தோர் ஒரு விடை கண்டனர். 1950களில், வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலைப் புகையிரதப் பாதையோரம் கிடந்த ‘நட்’ என்னும் இரும்புச் சுரைகளை ஏறுவோர் பொறுக்கினர். உட்புரியை அராவி நீக்கி, கயிறு கோத்தனர். கீழ்நோக்கி ஒடுங்கும் வெடிப்பில் அதனை மேலிருந்து செருகினால், வீழ்பவனின் பாரமே அதனை இறுக்கும். பின்வருபவன் மேல்நோக்கி அசைத்து எடுத்துவிடுவான். சம்மட்டி வேண்டா, பாறையில் வடுவுமில்லை. 1961இல் இதற்கெனவே செய்த துண்டுகள் தோன்றின. 1967இல் அமெரிக்காவின் யோசெமிற்றியில் றோயல் றொபின்ஸ் தம் மனைவியுடன் சுரைகளை மட்டுமே கொண்டு புதிய பாதையொன்றை ஏறிக் காட்டினார்.

எதிர்த்தோர் கேட்ட உயிர்க்காவலும், புரொய்ஸ் வேண்டிய பாறையின் தூய்மையும் இச்சிறு இரும்புத் துண்டில் ஒருங்கே பொருந்தின. எனினும் வெடிப்பின் ஒடுக்கத்தைத் தேர்ந்தறியும் கண்ணும், தன் வலிமையை அறியும் அறிவும் இல்லாதானைச் சுரையும் காவாது. தவறாகச் செருகியது, இழுத்தவுடன் கழன்றுவிடும். ஆதலின், முதற் காவல் ஏறுபவனின் உள்ளத்திலேயே உளது என்ற புரொய்ஸின் கொள்கை அவருடன் வீழ்ந்துவிடவில்லை என்பதே என் துணிபு.